கீரைக்குச் சொல் கிடைக்காத ஊரில்

1

நேற்றுக் காலை பக்கத்து வீட்டு ஹில்டா, தன் தோட்டத்திலிருந்து ஒரு கை நிறையச் சுருட்டை இலைகளை ஒடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். இலைகளின் ஓரத்தில் உப்புத் தூவியதுபோல் பனி ஒட்டியிருந்தது. "முதல் பனி விழுந்துவிட்டது. இனிமேல்தான் இனிக்கும்" என்றாள். வருடா வருடம் கொண்டுவருகிறாள். நானும் வருடா வருடம் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்கிறேன். கதவைச் சாத்திய பிறகு நான் அவற்றைக் கிண்ணத்தில் அளந்து பார்ப்பது அவளுக்குத் தெரியாது.

ஆங்கிலத்தில் கேல் என்கிற இலை அது. நாங்கள் இருக்கும் வட ஜெர்மனிப் பக்கம் 'க்ரூன்கோல்' என்பார்கள். பச்சைக் கோஸ் என்று பொருள். நம் முட்டைக்கோஸின் உறவுதான், ஆனால் உருண்டு திரளாது. நேராக வளர்ந்து, ஆட்டுரோமம்போல் சுருண்டுகொண்டு நிற்கும்.

என் கணவர் முருகேசன் ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில்லுக்கு வந்த ஜெர்மன் இயந்திரங்களை மாட்ட உதவப்போய், அந்தக் கம்பெனிக்காரர்களுக்குப் பிடித்துப்போய், இங்கே வேலைக்கு வந்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியான நான், எண்பத்து மூன்றில் கைக்குழந்தை மாலதியோடு பின்னாலேயே வந்து சேர்ந்தேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் கடையில் பச்சையாகக் கண்ணில் பட்டது இந்த ஒன்றுதான். அழகுக்கு வைத்த செடி என்று நினைத்து, பல நாள் கடந்துபோயிருக்கிறேன்.

அதைத் தின்பார்கள் என்று ஹில்டாதான் காட்டினாள். அவள் சமைத்ததைப் பார்த்து எனக்கு மயக்கமே வந்தது. பன்றிக் கொழுப்பை உருக்கி, இலையைப் போட்டு, மேலே புகைபோட்ட இறைச்சித் துண்டுகளை அடுக்கி, மூடி வைத்து இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டாள். திறந்தபோது பச்சை என்ற நிறமே அதில் இல்லை. கீரையை மூடிபோட்டு வேகவைத்தாலே நிறம் போய்விடும் என்று வையும் வீட்டில் வளர்ந்தவள் நான்.

மறுநாள் என் முறையில் செய்து பார்த்தேன். நடுத்தண்டை உருவி எறிந்துவிட்டு, இலையை நூல் நூலாக நறுக்கினேன். கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், நிறையப் பூண்டு, ஊறவைத்த பாசிப்பருப்பு. மின்சார அடுப்பின் தட்டு சூடாக நேரம் எடுக்கும், சூடானால் அடங்கவும் நேரம் எடுக்கும். முதல் தாளிப்பில் கடுகு கரிந்தது. இலையும் நம் கீரைபோல இரண்டு கிளறலில் அடங்கவில்லை, ரப்பர்போல் முறைத்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து வதக்கி, கடைசியில் உலர்ந்த தேங்காய்ப்பூவைத் தூவி இறக்கினேன். முருகேசன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார். "முருங்கைக்கீரைக்குத் தூரத்துச் சொந்தம்" என்றார். அன்றிலிருந்து குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் அதுதான்.

2

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம். குளிரில் கூட்டமாகக் கைவண்டியில் மது பாட்டில்களை ஏற்றி இழுத்துக்கொண்டு வயல்வெளியில் நடப்பார்கள். முடிவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து இந்தப் பச்சைக் கோஸைத் தின்பார்கள். யார் அதிகம் தின்கிறாரோ அவருக்கு 'கோஸ் ராஜா' என்று பட்டம். ஒரு வருடம் தொழிற்சாலைக்காரர்களோடு போன முருகேசன், இறைச்சியைத் தொடாமலேயே எல்லோரையும் தோற்கடித்துவிட்டு, கழுத்தில் பன்றித் தாடை எலும்பு கோத்த மாலையோடு வீட்டுக்கு வந்தார். எனக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அந்தப் போட்டோவை ராஜபாளையத்திலிருந்த அவருடைய அக்கா பேச்சியம்மாளுக்கு அனுப்பினோம். தாயில்லாத தம்பியை வளர்த்தவர் அவர்தான். நான் மதினி என்று கூப்பிடுவேன். அடுத்து ஃபோனில் பேசும்போது மதினி முதலில் கேட்டது இதைத்தான்.

"கீரை தின்னதுக்கா மாலை போட்டாக? நம்மூர்ல பொறந்த மாடு பூராவும் ராசாதான்!"

சிரித்தாரே தவிர, தம்பிக்கு அந்நிய தேசத்திலும் கீரை என்றால் உயிர் என்பதை மதினி மனதில் முடிந்து வைத்துக்கொண்டார்.

3

முருகேசனுக்குச் சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் வால்வு ஒன்றைக் கெடுத்து வைத்திருந்தது. அது தெரியாமலே அவர் இரும்புச் சட்டங்களைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். தொண்ணூற்று ஒன்றில் மாடி ஏற மூச்சு வாங்க ஆரம்பித்தது. மார்பைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். பொருத்திய வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க, ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை.

ஆஸ்பத்திரியைவிட்டுக் கிளம்பும் அன்று, சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒரு அம்மாள் வந்தார். "பச்சைக் கோஸில் கவனமாக இருங்கள். ஸ்பினாட்டிலும். சின்ன உருண்டைக் கோஸிலும். அவை மாத்திரையை முறிக்கும்" என்றார். ஸ்பினாட் என்றால் பாலக். அது சரி. மற்ற கீரைகள்?

கேட்கத்தான் கேட்டார் முருகேசன். ஆனால் என்ன சொல்லிக் கேட்பது? நமக்குக் கீரை என்ற ஒரு சொல்லுக்குள் அரை, சிறு, தண்டு, முருங்கை, பொன்னாங்கண்ணி எல்லாம் அடக்கம். எங்களுக்குத் தெரிந்த ஜெர்மனில் அந்தக் குடும்பத்துக்கே ஒரு பெயர் இல்லை. பாலக் தனி, கோஸ் தனி. அவர் யோசித்துவிட்டு, காய்கறியைக் குறிக்கும் சொல்லைப் போட்டு, "எங்கள் ஊர்க் காய்கறி சாப்பிடலாமா?" என்றார்.

அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. "தாராளமாக! எவ்வளவு வேண்டுமானாலும்!"

வீட்டுக்கு வந்ததும் பச்சைக் கோஸ் வாங்குவதை நிறுத்தினேன். பாலக்கையும் நிறுத்தினேன். ஆபத்தெல்லாம் ஜெர்மன் இலைகளில்தான் என்று நாங்கள் இரண்டு பேரும் மனதார நம்பினோம்.

4

தொண்ணூற்று இரண்டு டிசம்பரில் ஊருக்குப் போனோம். தை பிறந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தம்பிக்குக் கல்யாணம். அதுவரை ராஜபாளையத்தில் மதினி வீட்டில் தங்கல். மதினி மில்லில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் காலை ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை, ஞாயிறன்று மட்டும் வருவார்.

வாசலில் ஆட்டோவைவிட்டு இறங்கிய தம்பியைப் பார்த்ததும் மதினி வாயில் கைவைத்துக்கொண்டார்.

"என்னலே இது, மொகத்துல ரத்தமே இல்ல? நெஞ்சை அறுத்துல்லா போட்டிருக்கானுவ. போன ரத்தம் ஊற வேண்டாமா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ கவலைப்படாத சந்திரா. இவன் போறதுக்குள்ள நான் ஊற வச்சு அனுப்புதேன்."

ரத்தம் ஊறக் கீரை. அதில் யாருக்குத்தான் சந்தேகம்? மம்சாபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் கீரைக்கூடையோடு வரும் அம்மாளிடம் மதினி சொல்லி வைத்துவிட்டார். ஷிப்டு முடிந்து மதினி வந்ததும் அடுப்பில் சட்டி ஏறும். பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டு, மூடாமல் வேகவைத்து, மத்தால் கடைந்த அரைக்கீரை. மறுநாள் பருப்புப் போட்ட சிறுகீரை. அதற்கு மறுநாள் முருங்கைக்கீரையை எண்ணெயில் முறுகவிட்டு, உடைத்த நிலக்கடலை தூவி. ஓராண்டாகக் கீரையைக் கண்ணில் காணாத மனிதர் வழித்து வழித்துச் சாப்பிட்டார். கன்னத்தில் நிறம் வந்தது. நானே கண்ணால் பார்த்தேன். மாத்திரையையும் நானே தினமும் கையில் எடுத்துக் கொடுத்தேன்.

மாத்திரை அளவு சரியா என்று பார்க்க மதுரைக்குப் போய் ரத்தம் பரிசோதிக்க வேண்டியிருந்தது, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். ஒருநாள் புடவை எடுக்கப் போனோம், ஒருநாள் பிளவக்கல் அணைக்கு மாலதியோடு போனோம். ஆள் தெம்பாகத்தானே இருக்கிறார், கல்யாணம் முடியட்டும் என்றார் அவரே.

மாலதிதான் அந்த வீட்டில் ஒட்டவில்லை. பத்து வயது. நாங்கள் தமிழில் பேசினால் புரியும், பதில் ஜெர்மனில்தான் வரும். அத்தை கேட்கும் கேள்விக்கெல்லாம் என் முகத்தைப் பார்ப்பாள். அந்த வீட்டில் அவள் தானாகப் பேசிய ஒரே தமிழ் வாக்கியம், தட்டைப் பார்த்ததும் சொன்னது: "திரும்பவும் கீரையா?" மதினிக்கு அதைக் கேட்கக் கேட்கச் சிரிப்பு. "இன்னொருக்கச் சொல்லு தாயி!" என்பார்.

5

கல்யாணத்துக்கு மறுநாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. புதுப்பெண் பரிமாறிக்கொண்டிருந்தாள். ராஜபாளையத்திலிருந்து வந்திருந்த மதினி, "விருந்துச் சாப்பாட்டுல கீரை இருக்காதே" என்று தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்த முருங்கைக்கீரையைத் தம்பியின் இலையில் வைத்தார்.

முருகேசன் சோற்றோடு பிசைந்தார். உருட்டினார். கை பாதி தூரம் வந்து நின்றது. பிறகு, யாரோ பிடியை விட்டதுபோல, இலையில் விழுந்தது. அந்தக் கையை அவர் அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வாஸ் இஸ்ட் டாஸ்?" என்றார். இது என்ன என்று ஜெர்மனில்.

பந்தியில் சிரிப்பு. "ஜெர்மன்காரரு பேச ஆரம்பிச்சிட்டாரு டோய்!" என்றார் யாரோ. அவர் இன்னும் வேகமாக, இன்னும் குழறலாக, ஜெர்மனிலேயே பேசினார். சிரிப்பு கூடியது. கணவர் விளையாடுகிறார் என்றுதான் நானும் ஒரு கணம் நினைத்தேன். அப்புறம்தான் அவர் வாயின் வலது ஓரம் கீழே இறங்கியிருப்பதைப் பார்த்தேன்.

மதினி சிரிக்கவில்லை. ராஜபாளையத்தில் அவர்கள் தெருவில் பாதிப் பேர் தெலுங்கு பேசுகிறவர்கள். முருகேசனும் அதைக் கேட்டு வளர்ந்தவர். கல்யாணத்துக்கு வந்திருந்த எதிர்வீட்டு ராமலட்சுமியம்மாவின் கையைப் பிடித்து மதினி இழுத்தார். "யம்மா, இவன் ஒங்க பாஷையா பேசுதான்? என்ன கேக்கான்னு சொல்லுங்க!"

ராமலட்சுமியம்மா குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "இது எங்க பாஷை இல்லம்மா. இவருக்கு என்னமோ ஆயிருச்சு, வண்டியக் கூப்பிடுங்க."

வாடகைக் காரில் மதுரைக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக அவர் பேசிக்கொண்டே வந்தார். ஒரு சொல்கூடத் தமிழில் இல்லை. அப்பாவின் தலையை மடியில் வைத்திருந்த மாலதி, அவருக்கு அதே மொழியில் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். முன்சீட்டிலிருந்த மதினி, தன் தம்பியும் அவன் மகளும் தனக்குத் தெரியாத பாஷையில் பேசுவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

6

மூளையில் ரத்தக்கட்டி அடைத்திருந்தது. பேச்சு இருக்கும் பகுதியில். பல மொழி தெரிந்தவர்களுக்குச் சில சமயம் ஒன்று மட்டும் தப்பித்து நிற்கும் என்றார் டாக்டர். தப்பித்தது, அவர் முப்பது வயதுக்கு மேல் கற்ற மொழி. நாம் பேசுவது அவருக்குப் புரிந்தது. திருப்பிச் சொல்ல மட்டும் தமிழ் வரவில்லை.

டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். மாலதி என் கையைப் பிடித்திருந்தாள்.

"ரத்தம் சாதாரண ஆளுக்கு உறையற மாதிரி உறையுது. மாத்திரை சாப்பிட்டாரா, இல்லையா?"

"தினமும் நான்தான் கொடுத்தேன்."

"சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா? கீரை?"

"தினமும் சாப்பிட்டார்" என்றேன். "முருங்கைக்கீரைகூடவா டாக்டர்?"

"கீரைன்னா எல்லாக் கீரையும்தான்" என்றவர், மீதியை ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு பக்கம் நான் மாத்திரை கொடுக்கக் கொடுக்க, இன்னொரு பக்கம் அந்த இலைகள் அதை அழித்துக்கொண்டே வந்திருக்கின்றன. பச்சைக் கோஸில் இருக்கும் அதே சத்து நம் கீரையிலும் இருக்கிறது. சில கீரையில் இன்னும் அதிகமாக.

ஜெர்மன் இலை, நம்முடைய இலை என்று ரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது என்பது ஏன் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை?

டாக்டர் போனதும் மதினி ஓடிவந்தார். "என்ன சொல்லுதாரு?" நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மதினி மாலதியைப் பார்த்தார். மாலதி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "அப்பா ரத்தம்... கெட்டி ஆயிடுச்சு, அத்தை" என்றாள்.

"ஏன் ஆச்சாம்?"

"அதுக்குத் தமிழ் தெரியலை."

அவளுக்குத் தெரியும். ஒரு மாதமாகத் தட்டைப் பார்த்து அவள் சொன்ன சொல் அது ஒன்றுதான். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை.

அதன்பின் அப்பாவுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் மாலதிதான் வாயாக இருந்தாள். எனக்கு ஜெர்மன் தெரியும்தான், ஆனால் அந்த நாட்களில் அவர் வாயைத் திறந்தாலே எனக்கு அழுகை வந்து காது அடைத்துவிடும். தண்ணீர் வேண்டும், விளக்கை அணைக்கணும், முதுகு வலிக்கிறது என்று அவள் தட்டுத்தடுமாறிச் சொல்லச் சொல்ல, என் வீட்டார் ஓடி ஓடிச் செய்தார்கள். அவர் அடிக்கடிச் சொன்னது 'ஷ்வெஸ்டர்'. "அப்பா நர்ஸைக் கூப்பிடுறாங்க" என்பாள் மாலதி. கட்டிலோரம் உட்கார்ந்திருக்கும் மதினி எழுந்து வழிவிடுவார். நர்ஸ் வந்தால் அவர் கோபத்தோடு தலையை ஆட்டுவார்.

"அந்தப் பிள்ளைய நாளைக்கு நாப்பது தடவை கூப்பிடுதான். எம் பேரு ஒரு தடவை வர மாட்டேங்கே" என்றார் மதினி என்னிடம், சுவரைப் பார்த்துக்கொண்டு.

மூன்றாம் நாள் மாலதி திடீரென்று என் கையை உலுக்கினாள். ஜெர்மனில் நர்ஸுக்கும் ஷ்வெஸ்டர்தான், உடன்பிறந்தவளுக்கும் ஷ்வெஸ்டர்தான். அவள் அத்தையின் முன்னால் போய் நின்றாள்.

"அத்தை, நர்ஸ் இல்ல. நீங்க. அப்பா உங்களைக் கூப்பிடுறாங்க. முதல்லேர்ந்து உங்களைத்தான்."

மதினிக்கு அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் அழுதார் என்று எழுத ஆசை. அவர் அழவில்லை. "அம்புட்டு நேரமும் நான் எந்திரிச்சு எந்திரிச்சுல்லா போனேன்" என்றார், திகைத்துப்போய்.

7

பின்னால் நடந்த ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனிக்குத் திரும்பியதும் மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். மதுரை ஆஸ்பத்திரிச் சான்றிதழில் முருங்கைக்கீரையை ஆங்கில வழக்கப்படி 'டிரம்ஸ்டிக்' இலை என்று போட்டிருந்தார்கள். மொழிபெயர்த்தவர் இலையை விட்டுவிட்டு, அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உள்ள இன்னொரு பொருளில் கோழிக்கால் என்று எழுதிவிட்டார். "கோழிக்கால் தின்றதால் ரத்தம் எப்படி உறையும்?" என்று அந்த அலுவலர் நிஜமாகவே கேட்டார். அது மரம், அதன் இலையைச் சமைப்போம் என்றேன். "மரத்தின் இலையையா?" என்று அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பச்சைக் கோஸ் தின்கிறவனுக்கு ராஜா பட்டம் கட்டும் ஊர்க்காரர்! மாலதி வந்து விளக்கிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

இங்குள்ள டாக்டர்தான் இன்னொன்றும் சொன்னார். கீரையை அடியோடு விடவும் வேண்டாம், அள்ளித் தின்னவும் வேண்டாம், வாராவாரம் ஒரே அளவாக இருந்தால் அதற்கேற்ப மாத்திரையை வைத்துக்கொள்ளலாம் என்று. அதனால்தான் ஹில்டாவின் இலைகளைக் கிண்ணத்தில் அளந்து அடுப்பில் ஏற்றுகிறேன். முருகேசனுக்குத் தமிழ் அந்த வருடக் கோடைக்குள் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது. வலது கை முழுதாகத் திரும்பவில்லை. மாலதி இப்போது எங்களோடு தமிழில் பேசுகிறாள், எப்போதும் அல்ல, அவளுக்குத் தோன்றும்போது.

8

ஆஸ்பத்திரியைவிட்டுக் கிளம்பிய அன்று நடந்ததைத்தான் நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

டாக்டர் வந்து, "வீட்ல சமைக்கிறது யாரு?" என்று கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் மதினி முன்னால் வந்தார். "நாந்தான் டாக்டர். சொல்லுங்க."

"கீரை மட்டும் வேண்டாம்மா. இந்த மாத்திரைக்கும் அதுக்கும் ஆகாது. இப்ப இப்படி வந்ததுக்கும் அதான் காரணம்."

"எந்தக் கீரை?"

"எந்தக் கீரையும்."

"முருங்கை?"

"முருங்கையும்தாம்மா."

மதினி சரியென்று தலையாட்டினார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். மதினி என்னைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல முடியவில்லை. தலையசைத்தேன்.

"பிள்ளைக்கு?"

மாலதி தரையைப் பார்த்தாள். மதினியின் முகத்திலிருந்து எல்லாம் வடிந்துவிட்டது. மில் நூலைச் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன தன் இரண்டு கைகளையும் அவர் ஒரு தடவை விரித்துப் பார்த்தார். பிறகு கட்டிலருகே போய்க் குனிந்தார்.

"ஏலே முருகேசா. நாந்தான் ஒன்னைய இப்பிடிப் படுக்க வச்சனா?"

முருகேசன் உடனே, பளிச்சென்று, "நைன்" என்றார்.

மதினி விழித்தார். பஸ் நம்பர் பார்க்குமளவு இங்கிலீஷ் தெரிந்தவர். "ஒம்பதா? என்னலே ஒம்பது? என்ன கேக்கான் தாயி?"

"நைன். நைன்" என்றார் அவர், இடது கையால் கட்டிலைத் தட்டித் தட்டி.

"ஒம்பது இல்ல அத்தை" என்றாள் மாலதி. "நைன்னா, 'இல்ல'ன்னு அர்த்தம். நீங்க பண்ணலைன்னு சொல்றாங்க."

மதினி தம்பியின் முகத்தை, அதன் இறங்கிப்போன ஓரத்தை, வெகுநேரம் பார்த்தார். எங்கள் இரண்டு பேரைப்போல் இல்லாமல் முருகேசன் மட்டும் யோசிப்பதற்கு நேரமே எடுத்துக்கொள்ளாமல் பதில் சொன்னது மதினிக்கு உறைத்திருக்க வேண்டும்.

"கேட்டு முடிக்கதுக்குள்ள இல்லங்கானே" என்றார் மெதுவாக. "அப்பொ கீரைதான் காரணம்னு ஒங்கள மாதிரி இவனுக்கும் மொதல்லயே தெரிஞ்சிருக்கு."

அதற்கு அவர் நைன் சொல்லவில்லை.